மாத்திரை சாப்பிட வேண்டிய ஆள்

அன்று டாக்டரிடம் போனது மூன்று பேர்: அக்கா, அக்காவோடு குடும்பம் நடத்துகிற, நான் பெரியக்கா என்று கூப்பிடுகிற அவரது துணை, நான். வராதவர் அக்காவின் புருஷன். அப்படி ஒருவர் என்றைக்குமே இருந்ததில்லை.

இரண்டு பேரும் ஒத்தக்கடையில் இட்லிக்கடை வைத்திருக்கிறார்கள். அக்காவுக்குக் கொஞ்ச நாளாக வெள்ளைப்படுதலும் அரிப்பும். டெஸ்ட் எடுத்ததில், உடலுறவில் பரவும் தொற்று என்று வந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான் என்பதால் ரிப்போர்ட்டை வாசித்துச் சொன்னதும் நான்தான். பெண்ணும் பெண்ணுமாக இருந்தால் இதெல்லாம் வராது என்று அவர்கள் நம்பியிருந்தார்கள். டிகிரி முடித்த நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

"ஆம்பள சகவாசம் இல்லாம இது எங்குட்டிருந்து வந்துச்சு?" என்று பெரியக்கா கேட்டுவிட்டார். அதோடு அக்கா பேச்சை நிறுத்தினார். ஒருவர் இட்லி அவிக்க, மற்றவர் சட்னி ஊற்ற, நடுவில் ஒரு சொல் இல்லை. கடையே பிரிந்துவிடுமோ என்று எனக்குப் பயம்.

பெரியக்கா வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். உள்ளே அக்கா பக்கத்தில் நான். டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீங்களும் மாத்திரை சாப்பிடணும். இல்லேன்னா வைஃபுக்குத் திரும்ப வந்துரும்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"டாக்டர், இவன் என் தம்பி. மாத்திரை திங்க வேண்டிய ஆளு வெளிய மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கு."

டாக்டர் ஒரு கணம் வாசலைப் பார்த்தார். "கூப்பிடுங்க" என்றார்.

பெரியக்காவுக்கு நாற்காலியைக் கொடுத்துவிட்டுக் கதவோரம் போய், சுவரில் இருந்த தடுப்பூசி அட்டவணையை அக்கறையாகப் படித்தேன்.

"பொண்ணுகிட்டருந்து பொண்ணுக்கும் தொத்தும்மா. ஒண்ணுமே தெரியாம மாசக்கணக்கா, சிலருக்கு வருசக்கணக்காக்கூட உள்ள கெடக்கும். யாருகிட்டருந்து வந்துச்சுன்னு டெஸ்ட் சொல்லாது."

உசிலம்பட்டியில் கட்டிக்கொடுத்த இடத்தை விட்டு வந்தவர் பெரியக்கா.

"அந்தாளு நகையத்தான் திருப்பித் தரலைன்னு நெனச்சேன். இதக் குடுத்து அனுப்பிருக்கான் போல."

"அப்ப என்னைய எதுக்குடி சந்தேகப்பட்ட?"

"தப்புதான். விடு."

டாக்டர் சீட்டு எழுதினார். "ஏழு நாள் ரெண்டு பேரும் மாத்திரைய விடாமப் போடுங்க. அதுவரைக்கும் தனித்தனியாப் படுங்க."

"இப்பவும் அதத்தான் டாக்டர் செய்றோம்" என்றார் அக்கா.

"இன்னும் ஏழு நாளா?" என்றார் பெரியக்கா.

மருந்துக்கடையில் அக்கா பர்ஸைத் திறக்கும் முன்பே பெரியக்கா முந்திக்கொண்டார். "ரெண்டு பேரு மாத்திரையும் ஒரே பில்லாப் போடுங்கண்ணே."

ஃபீஸ், டெஸ்ட், மாத்திரை, புருஷனாக இருந்ததற்கு எனக்குக் கிடைத்த ரோஸ்மில்க், எல்லாம் சேர்த்து ஆயிரத்து நானூற்றுப் பத்து ரூபாய்.