பாலைக் காபியில் ஊற்றச் சொன்ன டாக்டரம்மா

மங்கையர்க்கரசி அம்மா காலமான செய்தி, பெரிய காஞ்சிபுரத்தில் நான் ஆட்டோ ஏறும்போது வந்தது. ஊரிலுள்ள கோபுரங்களெல்லாம் ஒரு முழம் குனிந்ததை என் கண்ணால் பார்த்தேன். அவரை அறிந்த தோப்புக்காரர்களே, நீங்களாவது இதை நம்புவீர்கள்.

பயிர்நோய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நமக்கு டாக்டரம்மா. அவர் பேசினால் பாலாற்றின் அக்கரையில் மாடு திரும்பிப் பார்க்கும்.

மாகறலில் என் அக்கா ராஜேஸ்வரியின் மாந்தோப்பு இருக்கிறது. அதன் நடுமரத்து நிழலில் ஒரு தாலுகாவே படுத்துறங்கலாம். ஒரு வருடம் அதன் அடிமரம் வெடித்துப் பிசின் கசிந்தது, நுனிக்கிளைகள் காய்ந்தன. அம்மன் கண்ணீர் விடுகிறாள் என்று அக்கா முடிவுகட்டினார். நெசவுக் குடும்பமல்லவா, தன் தறியில் நெய்த பட்டுச்சேலையையே மரத்துக்கு உடுத்தி, வெள்ளிதோறும் பால் ஊற்றினார்.

டாக்டரம்மா வந்து துணியை அவிழ்த்தார். கத்தி முனையால் மரப்பட்டையைச் சுரண்டினார். வெள்ளையாக இருக்க வேண்டிய உள்மரம் கரும்பழுப்பாக இருந்தது.

“இது அம்மன் இல்லம்மா, பூஞ்சை. ஈரத்துணிய சுத்தி அதுக்குச் சீமந்தம் பண்ணிக்கினு இருக்குற. பாலைக் காபில ஊத்து.”

“மரத்த வெட்டணும்னு மட்டும் சொல்லாதீங்க. எங்க வீட்டுக்காரர் நட்டது. அவரு போனப்புறம் எனக்கு இதான் இருக்குது.”

“மரத்த இல்ல, நோவு புடிச்ச கிளைங்கள. விட்டா மொத்த மரமும் போவும். தறிப் பாவுல இழை அறுந்தா என்ன பண்ணுவ?”

“நைஞ்ச நுனிய எடுத்துட்டு நல்ல இழையில முடிச்சு போடுவோம்.”

“அதேதான். நல்ல மரம் தெரியிற வரைக்கும் அறுக்கணும்.”

“தறியில குந்தாதவங்க எனக்குப் பாவு சொல்லித் தர்றீங்களா?” என்று முறைத்தபடியே அக்கா சம்மதித்தார்.

அறுக்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. முடித்த வேகத்தில், லேசாகக் காய்ந்திருந்த பக்கத்து மரத்துக்கும் கிளை அறுத்த அதே வாளோடு பாய்ந்தேன். இடி இறங்கியது.

“ஏம்பா! வாள ஸ்பிரிட்டால துடைக்காம எங்க போற? நோவுக்கு அடுத்த மரத்துல நீயே பொண்ணு பாத்து முடிக்கிறியா?”

வெட்டுவாய்களிலும் சுரண்டிய அடிமரத்திலும் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பசையை அவரே பூசினார். மரம் நீலக்கட்டுப் போட்ட படைத்தளபதியாக நின்றது.

அந்த வருடம் காயே இல்லை. மொட்டை மரத்தைப் பார்க்கும்போதெல்லாம் அக்கா அவரைத் திட்டினார். “திட்டும்மா. நின்னு திட்டுறதுக்கு மரம் இருக்குதுல்ல?” என்றார் டாக்டரம்மா. அடுத்த பருவத்தில் செந்துளிர் வந்தது. அதற்கடுத்துப் பூத்த பூவின் வாசனையில் வாலாஜாபாத் பஸ்கள் வழி தவறியதாகக் கேள்வி.

இறுதிச் சடங்கில், கோடித்துணி போட, பிறந்த வீட்டு ஆள் யார் என்று கேட்டார்கள். யாருமில்லை.

“நான் இருக்குறேன், நவுருங்கப்பா” என்று அக்கா புதுப்பட்டோடு கூட்டத்தை விலக்கிப் போனார். என்ன உறவு என்று ஒருவரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் தொலைந்திருப்பார்கள்.

எனக்கு அவர் விட்டுச் சென்றது ஒரு பழக்கம். கசியும் மரத்தைக் கண்டால் கைகூப்புமுன் சுரண்டிப் பார்க்கிறேன். உள்ளே வெள்ளையாக இருந்தால் அவருக்கு ஒரு கும்பிடு. பழுப்பாக இருந்தால், முதலில் வாளைத் துடைக்கிறேன்.