வாகமண் ஏற்றமும் என் தொடைகளும்

மட்டாஞ்சேரியில் மேடு என்று சொல்ல எதுவும் கிடையாது. வில்லிங்டன் தீவுக்குப் போகும் பாலம்தான் எங்களுக்கு மலை. நாற்பத்தெட்டு வயதில் சைக்கிள் ஓட்டத் தொடங்கிய எனக்கு அதுவே போதும் என்றிருந்தது. ஞாயிறு காலைகளில் ஏழெட்டுப் பேராகத் தேவரா வரை போய், சாயா குடித்துத் திரும்புவோம். சமதளத்தில் நான் யாருக்கும் பின்தங்கியதில்லை. அதனால் குழுவில் வாகமண் மலை ஏறலாம் என்று பேச்சு வந்தபோது நானும் வருகிறேன் என்றேன்.

அடிவாரம் வரை சைக்கிள்களை வேனில் ஏற்றிக்கொண்டு போனோம். ஆரம்ப வளைவுகளிலேயே நான் இறங்கிவிட்டேன். மூச்சு ஒன்றும் வாங்கவில்லை; தொடைகள்தான் மிதிக்க மறுத்தன. மீதி வழியில் பெரும்பகுதி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். ஜீப்பில் வந்த ஒரு குடும்பம் வண்டியை நிறுத்தி, ஏறிக்கொள்கிறீர்களா என்று கேட்டது. வேண்டாம் என்றேன். ஜீப் கண்ணிலிருந்து மறைந்ததும், ஏறியிருக்கலாம் என்று தோன்றியது.

குழுவில் ஒரு பிசியோதெரபிஸ்ட் இருந்தார். திரும்பும்போது வேனில் அவர் சொன்னார்: "சேச்சி, இனியும் சைக்கிள் சவிட்டிட்டு மட்டும் காரியமில்லை. காலுக்கு பலம் வேணும். ஜிம்முக்குப் போய் வெயிட் தூக்குங்க."

வீட்டில் சொன்னதும் கணவர் செய்தித்தாளைத் தாழ்த்தினார்.

"சைக்கிள் ஓட்டறதுக்கு ஜிம்மா? இந்த வயசுல கனம் தூக்கி நடு முதுகு ஒடிஞ்சா யாரு நோக்கறது?"

"நீங்கதான்."

அவர் செய்தித்தாளை மறுபடி உயர்த்திக்கொண்டார்.

பஜாருக்குப் பக்கத்தில் ஒரு மிளகுக் கிடங்கின் மாடியில் ஜிம். பயிற்சி கொடுப்பவள் வைப்பின் தீவிலிருந்து வரும் பெண், முப்பது வயதிருக்கும். தனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். சில வாரங்கள், எடை மாட்டாத வெறும் கம்பியைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழச் சொன்னாள். பிறகு ஒற்றைக் காலால் மரப்பெட்டி மேல் ஏறி இறங்குவது. பிறகு தரையிலிருந்து எடை தூக்குவது.

"முதுகு வளையண்டா, சேச்சி. தரையைக் காலால சவிட்டித் தள்ளுங்க. இன்னும் ஒண்ணு கூடி. ஒண்ணு கூடி."

முதல்முறை எடை தூக்கிய மறுநாள் மாடிப்படியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பக்கவாட்டில் இறங்கினேன். அலுவலக நாற்காலியிலிருந்து எழுந்தபோது நான் முனகியது எல்லோருக்கும் கேட்டிருக்கும்.

மாதங்கள் போயும் சைக்கிளில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. சொல்லப்போனால் ஞாயிற்றுக்கிழமைகளில் கால் கனத்துப் பின்தங்க ஆரம்பித்தேன். ஜிம்மை விட்டுவிடலாமா என்று அவளிடமே கேட்டேன்.

"சேச்சி சைக்கிள் எடுக்கறது எப்போ?"

"ஞாயிறு காலைல."

"நாம தூக்கறது சனிக்கிழமை! முன்னாடியே பறையக்கூடாதா?" என்று தலையில் கைவைத்தாள். வியாழக்கிழமைக்கு மாற்றினோம். அதன்பின் ஒரு ஞாயிறு, ஏற்றத்துக்காகக் கியரைக் குறைக்க மறந்தபடியே பாலத்தில் ஏறி இறங்கியிருந்தேன். மறுகரை வந்த பிறகுதான் கவனித்தேன்.

மழைக்காலம் முடிந்ததும் மறுபடி வாகமண் போனோம். முன்பு எந்த வளைவில் இறங்கினேன் என்று அடையாளம் தெரியவில்லை. சீட்டிலிருந்து எழாமல் மெதுவாக மிதித்தேன். கடைசிச் செங்குத்தில் ஒருமுறை நின்று தண்ணீர் குடித்தேன், ஆனால் தள்ளவில்லை. மேலே போய்ச் சேர்ந்தபோது மற்றவர்கள் சாயா குடித்து முடித்திருந்தார்கள். மூடுபனியில் பள்ளத்தாக்கு எதுவும் தெரியவில்லை. பெரிய சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன், பசிதான் வந்தது. இரண்டு முறை வாங்கிப் புட்டும் கடலைக் கறியும் சாப்பிட்டேன். நடுவில், யாரும் பார்க்காதபோது, தொடையை ஒருமுறை அழுத்திப் பார்த்துக்கொண்டேன்.

இறக்கத்தில் நெடுக பிரேக்கைப் பிடித்ததில் விரல்கள் மரத்துப்போயின. அதற்கு நான் எந்தப் பயிற்சியும் எடுத்திருக்கவில்லை. அடுத்த முறை ஜிம்மில் அதைச் சொன்னதும், அவள் இரண்டு கையிலும் கனமான டம்பெல்லைக் கொடுத்து, "கீழ வைக்காம நடங்க, விரலுக்கும் பலம் வரும்," என்றாள். சுவர் வரை போய்த் திரும்பினேன்.