பஸ்ஸை முந்தாத ஸ்கூட்டி

பெரியம்மா மகளைப் பார்த்து நான் வயிறெரிந்துகொண்டிருந்த காலம் அது. பெருமாள்மலையில் பக்கத்துப் பக்கத்து வீடு, கொடைக்கானலில் ஒரே பள்ளி, ஒரே நாலாம் வகுப்பு. அவள் மட்டும் பெரியம்மாவின் ஸ்கூட்டியில் மகாராணி மாதிரி வந்து இறங்குவாள். நான் அம்மாவோடு எட்டு மணி பஸ்ஸில் நசுங்கி, ரிப்பன் அவிழ்ந்து இறங்குவேன். அதைவிடப் பெரிய அவமானம் எதுவும் எனக்கு அப்போது தெரியாது.

அழுது, சாப்பிடாமல் அடம்பிடித்து, கடைசியில் அப்பாவை ஒரு பழைய ஸ்கூட்டி வாங்க வைத்தேன். கொடைக்கானலில் சாக்லேட் கடையில் வேலை பார்த்த அம்மா பத்தே நாளில் ஓட்டக் கற்றுக்கொண்டாள். முதல் நாள் காலை, வெள்ளனே கிளம்பி ஸ்கூட்டி பக்கத்தில் நின்றேன். அம்மா சாப்பாட்டுப் பையை மாட்டிக்கொண்டு, அதைத் தாண்டி, நேராக பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். மறுநாளும் அப்படியே. ஒருநாள் மழை வரும் என்பாள், ஒருநாள் பனி என்பாள். எங்கள் மலையில் இரண்டும் இல்லாத நாளுக்கு நான் எங்கே போவேன்?

பொறுத்துப் பார்த்தேன். ஒருநாள் காலை அவள் செருப்பில் ஒன்றை விறகுக்குள் செருகி வைத்தேன்.

"இன்னொன்னு எங்கடி கெடக்கு? வெரசா தேடு, பஸ் வந்துரும்!"

நானும் மும்முரமாகத் தேடினேன். பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டது. அம்மா வேறு வழியில்லாமல் பாத்ரூம் செருப்பை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தாள்.

வெள்ளி அருவிக்கு முன்பே பஸ்ஸை எட்டிவிட்டோம். பஸ்ஸின் பின் கண்ணாடியில் பண்ணைக்காட்டு அத்தை தெரிந்தாள். உறவெல்லாம் இல்லை. பண்ணைக்காட்டில் ஏறி ஆஸ்பத்திரி வேலைக்குப் போகிறவள். அம்மா அவளை மதினி என்பாள். தினமும் கைக்குட்டை போட்டு அம்மாவுக்கு இடம் பிடித்து வைப்பாள். எங்களைப் பார்த்ததும் அந்தக் கைக்குட்டையை எடுத்து ஆட்டினாள்.

"முந்தும்மா!" என்று அவசரப்படுத்தினேன்.

"வளைவுடி. சும்மா இரு."

வளைவு முடிந்தது. வாழைத்தார் ஏற்றிய வண்டிகூட எங்களையும் பஸ்ஸையும் முந்திக்கொண்டு போனது. அம்மா முந்தவில்லை. பஸ் நின்ற இடத்திலெல்லாம் அவளும் நின்றாள். புகை முழுக்க என் மூஞ்சியில். அன்றைக்குப் பார்த்து பஸ்ஸும் ஊர்ந்துதான் போனது. பள்ளிக்குப் போனபோது மணி அடித்திருந்தது. நான் ஸ்கூட்டியில் வந்து இறங்கியதைப் பார்க்க வாசலில் ஒரு ஈ காக்கா இல்லை.

சாயங்காலம் அம்மா சாவியை அப்பாவிடம் நீட்டினாள். "பிள்ளைய நீங்களே கொண்டுபோய் விடுங்க. எனக்கு அந்தப் பஸ்ஸே பழக்கமாயிருச்சு."

அப்பாவுக்குச் சிரிப்பு. "வாசல்ல வண்டி கெடக்கு, இவளுக்குப் பஸ்தான் கேக்குது."

மறுநாளிலிருந்து நான் ஸ்கூட்டியில் போனேன். பெரியம்மா மகள் பார்க்கப் பார்க்க இறங்கினேன். அந்தச் சந்தோஷம் இரண்டு நாள்தான். மூன்றாம் நாள் அப்பா பஸ்ஸை முந்தும்போது நிமிர்ந்து பார்த்தேன். ஜன்னலோரம் அம்மா, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். அத்தை அவள் தோளில் சாய்ந்து குலுங்கிக்கொண்டிருந்தாள். வீட்டில் அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. பெரியம்மா மகள் மேல் இருந்த எரிச்சல் மொத்தமும் அந்த நிமிஷமே அத்தை மேல் திரும்பியது.

நகம் கடிக்கிற பழக்கத்தை விடச் சொல்லி என் கையில் அடிக்கிற அம்மா, இந்தப் பஸ் பழக்கத்தை மட்டும் ஏன் விடமாட்டேன் என்கிறாள் என்று வழியெல்லாம் பொருமினேன். மனிதர்களோடு உண்டாவதற்கும் பழக்கம் என்றுதான் பெயர் என்பது எனக்கு அப்போது தெரியாது.