வைஃபை இருக்குதுங்க, நெட்டுதான் இல்லை: சேலம், நாமக்கல் பக்கம் நான்கு நாள் அலைந்த கதை

நான் என்ன வேலை செய்கிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், காபிக்கடை வைஃபைக்கு ஒருத்தி ஏன் இப்படிப் புலம்புகிறாள் என்று தோன்றும். காது கேளாத மாணவர்களுக்காக, வகுப்பிலும் தேர்விலும் பேசப்படுவதை உடனுக்குடன் தட்டச்சு செய்து அவர்கள் திரையில் ஓடவிடுவது என் வேலை. அறையில் இருக்கும் மைக் வழியே எனக்குக் குரல் வரும்; என் விரல் வழியே அவர்களுக்கு எழுத்து போகும். நடுவில் நெட் போனால், அந்த அறையில் ஒருவருக்கு மட்டும் எல்லாரும் வாயை அசைப்பார்கள், எதுவும் புரியாது.

சித்திரை மாதம், ராசிபுரத்தில் என் நாத்தனார் வீட்டுக் கிரகப்பிரவேசம். ஞாயிற்றுக்கிழமை விசேஷம். "ஒரு வாரம் முன்னாடியே வந்துருங்க, உங்க வேலையத்தான் எங்க உக்காந்தும் பண்ணலாமே" என்றார் நாத்தனார். நானும் நம்பி, திங்கள் மாலையே சென்னையிலிருந்து போய் இறங்கிவிட்டேன். வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஒரு மாணவிக்கு இறுதியாண்டு புராஜெக்ட் வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு. அவளை இங்கே யாழினி என்கிறேன், உண்மைப் பெயர் அதுவல்ல. வேறொரு ஊரில் பொறியியல் படிக்கிறாள். இரண்டு காதும் கேட்காது, பேசுவாள். மூன்று ஆண்டுகளாக அவளுக்கு நான்தான் தட்டச்சு.

விசேஷம் வரை தங்கிய பழைய வீட்டில் இணைப்பை ஏற்கெனவே துண்டித்திருந்தார்கள். புது வீட்டில் எல்லாம் இருந்தது, இணைய இணைப்பு மட்டும் இல்லை. "நாளைக்கு வந்து குடுத்துருவாங்க" என்று திங்கள் அன்று சொன்னார்கள். செவ்வாயன்றும் அதையே சொன்னார்கள். வீட்டுக்குள் செல்போனில் ஒரு கோடு சிக்னல். மொட்டை மாடியில் இரண்டு கோடு, ஆனால் சித்திரை வெயிலில் பத்து நிமிடத்தில் லேப்டாப்பே "போதும்" என்று அணைந்துவிட்டது. சேலத்தில் ரூம் போடலாம் என்று விசாரித்தேன். முகூர்த்த வாரம், எங்கும் காலி இல்லை.

ஆக, செவ்வாய்க்கிழமை சேலம். ராசிபுரத்தில் காலை 8.10 பேருந்து, 27 கிலோமீட்டர், 9.05-க்குப் புதிய பேருந்து நிலையம். அங்கிருந்து ஃபேர்லேண்ட்ஸுக்கு ஆட்டோ நூறு ரூபாய். இறங்கிய பிறகுதான் தெரிந்தது, அந்தத் தெருவில் ஒரு காபிக்கடைகூடப் பதினொரு மணிக்கு முன்னால் திறப்பதில்லை. காலையில் காபி குடிக்கும் ஊரில், காபிக்கடை மட்டும் மதியத்தை ஒட்டித் திறக்கிறது. இந்த ஞானம் யாருக்கு வந்தது என்று தெரியவில்லை. ஒரு வேப்பமரத்தடியில் பையை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

திறந்தார்கள். கண்ணாடி, செடி, சுவரில் ஆங்கில வாசகம், எல்லாம் அழகு. கோல்ட் காபி 180 ரூபாய். வைஃபைக்குப் போனில் ஓடிபி வரும், முப்பது நிமிடம் ஓடும். முப்பத்தோராவது நிமிடம் திரை உறைந்தது.

"இன்னொரு பில் போட்டா இன்னொரு அரை மணி வரும், மேம்" என்றார் கவுண்டரில் இருந்த பெண்.

"ரெண்டு மணி நேரத்துக்குச் சேர்த்தே பணம் தர்றேன். ஒரே ஓடிபியா குடுக்க முடியாதா?"

"சிஸ்டம் அப்படி இல்ல, மேம்."

ஒரு மணிக்குள் கோல்ட் காபி, எலுமிச்சை சோடா, பிறகு பெயரே புரியாத நீல நிற பானம் ஒன்று. வயிறு கலங்கியதுதான் மிச்சம். வெளியே வந்து ஐந்து ரோடு பக்கம் வேறொரு கடை. இங்கே வேகம் பார்த்தால் அறுபது எம்பிபிஎஸ்ஸைத் தொட்டது. சந்தோஷத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, நான்கு மணிக்கு யாழினியோடு ஒத்திகை தொடங்கினேன். 4.20-க்கு ஒரு கும்பல் கேக்கோடு உள்ளே வந்தது. பாட்டு, கைதட்டல், வெடித்துச் சிதறும் காகிதத் துண்டுகள். பத்துப் பேரும் ஒரே நேரத்தில் வீடியோ ஏற்றியிருப்பார்கள் போல. நான் அடித்த வார்த்தைகள் யாழினியிடம் போகாமல் நின்று, பிறகு மொத்தமாகப் போய் விழுந்தன. அரை நிமிடம் வெற்றுத் திரை, அப்புறம் எட்டு வரி ஒரே குவியலாக.

அவளிடமிருந்து செய்தி வந்தது. "அக்கா, வெள்ளிக்கிழமையும் இப்படி ஆனா?"

"ஆகாது" என்று பதில் போட்டேன். எந்தத் தைரியத்தில் போட்டேன் என்று கேட்காதீர்கள்.

புதன்கிழமை நாமக்கல். ராசிபுரத்திலிருந்து 26 கிலோமீட்டர், ஐம்பது நிமிடம். இணைய வரைபடத்தில் "வொர்க் ஸ்பேஸ்" என்று ஓரிடம் இருந்தது. நான்கரை நட்சத்திரம், "அமைதியான சூழல்" என்று விமர்சனம் வேறு. தேடிப் போனால் பூட்டிய ஷட்டர். பக்கவாட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே கூரை வரைக்கும் முட்டை அட்டைகள். அட்டைகளை எண்ணிக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்து பார்த்தார்.

"கம்ப்யூட்டர்காரங்களா? அவங்க காலி பண்ணி ஒரு வருசம் ஆகுதுங்க சாமி. நீங்க இந்த மாசத்துல மூணாவது ஆளு."

அமைதியான சூழல்தான். அதில் பொய்யில்லை.

அவரே கைகாட்டிய பேக்கரிக்குப் போனேன். பேக்கரி என்றால் இந்தப் பக்கத்தில் டீ, பப்ஸ், தேங்காய் பன், உட்கார நான்கு மேசை எல்லாம் உண்டு. சென்னையில் காபிக்கடைக்குப் போய் நேரம் போக்குபவர்கள் செய்வதையெல்லாம் இங்கே பேக்கரியில் பன்னிரண்டு ரூபாய் டீயோடு செய்கிறார்கள். நெட் அருமையாக ஓடியது. ஒரு மணி நேரம் பதிவு செய்த வகுப்பு ஒன்றைத் தட்டி முடித்துக்கொண்டிருந்தபோது திடீரென்று நின்றது.

"ஏனுங்க, வைஃபை போயிருச்சுங்களா?" என்று கல்லாவில் இருந்த அம்மாவைக் கேட்டேன். இரண்டு நாளில் எனக்கும் 'ஏனுங்க' ஒட்டிக்கொண்டது.

"அவரு கேக் குடுக்க மோகனூர் ரோட்டுக்குப் போயிருக்காருங்க."

"யாரு?"

"எங்க ஊட்டுக்காரருங்க. அவரு போன்லதானுங்க நெட்டு. வந்தார்னா வந்துருமுங்க."

சிரிக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் கையில் இரண்டே நாள் வைத்துக்கொண்டு நிற்பவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் வந்து சேர ஐம்பத்தைந்து நிமிடம் ஆனது.

வியாழக்கிழமை திருச்செங்கோடு. 35 கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம், பேருந்தில் பாதி வழி நின்றுகொண்டே. பேருந்து நிலையத்திலிருந்து சங்ககிரி ரோட்டில் பத்து நிமிட நடையில் ஒரு சின்ன காபிக்கடை. நடத்துபவர் பிரகாஷ், முப்பது வயது இருக்கும். ஃபைபர் இணைப்பு, ஓடிபி கிடையாது, இன்வெர்ட்டர் உண்டு. மூன்று மணி நேரம் உட்கார்ந்து நிமிடத்துக்கு நிமிடம் சோதித்தேன். ஒரு தடவைகூட விக்கவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. விஷயத்தைச் சொன்னேன்.

"காலைல ஒன்பதரைக்கே தொறந்து வெக்கிறனுங்க அக்கா. அந்த மூலை டேபிள் உங்களுக்குத்தான். பாட்டுப் போட மாட்டேன்."

சொன்னபடி செய்தார். வெள்ளி 10.40-க்கு இணைந்தேன். யாழினி தன் லேப்டாப்பைத் தேர்வாளர்கள் முன்னால் வைத்தது, நாற்காலி இழுபடும் சத்தம், எல்லாம் தெளிவாகக் கேட்டது. வைவா தொடங்கியது. நெல் மூட்டையின் ஈரப்பதத்தை அளக்கும் கருவி அவள் செய்தது. கேள்வி வர வர நான் அடித்தேன். அவள் படித்துப் படித்துப் பதில் சொன்னாள். நன்றாகச் சொன்னாள்.

11.23-க்கு நின்றது. விளக்கு எரிகிறது, மின்விசிறி சுற்றுகிறது, நெட் இல்லை. பிரகாஷ் வாசலுக்கு ஓடிப் போய்த் திரும்பி வந்தார். தெருமுனையில் குடிநீர்க் குழாய்க்குத் தோண்டிய பொக்லைன், ஃபைபர் வயரை அறுத்துவிட்டது. இன்வெர்ட்டர் எனக்கு என்ன செய்யும்? என் போனில் ஹாட்ஸ்பாட் போட்டேன். வட்டம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. கடவுச்சொல்லை இரண்டு முறை தப்பாக அடித்தேன்.

"அக்கா, எந்திரிங்க. எதுத்தாப்புல ரிக் ஆபீஸ் இருக்குது. அவுங்களுக்கு ரெண்டு லைன்" என்று சொல்லிக்கொண்டே பிரகாஷ் என் லேப்டாப்பைத் திறந்தபடியே இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு சாலையைக் கடந்தார். ஹெட்போன் வயரைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் ஓடினேன். ஒரு லாரிக்காரர் பிரேக் அடித்துவிட்டு எங்களை வாயைப் பிளந்து பார்த்தார்.

ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளை வெளி மாநிலங்களுக்கு அனுப்பும் அலுவலகம் அது. எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று நாள் முழுக்கத் திரையில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருப்பதால், இரண்டு வெவ்வேறு பக்கத்திலிருந்து இணைப்பு வாங்கியிருக்கிறார்கள். பொறுப்பில் இருந்த சுகந்தி என்ற பெண்மணியிடம் பிரகாஷ் மூச்சு வாங்க, "அக்கா, ஒரு புள்ளைக்குப் பரிட்சை, நெட்டு வேணும்" என்றார். அவர் உடனே எழுந்து தன் நாற்காலியையே தள்ளிக் கொடுத்தார்.

"உக்காருங்க சாமி. பாஸ்வேர்டு நானே அடிக்கிறேன்."

இணைந்துவிட்டேன். ஆனால் பின்கட்டில் கம்ப்ரசரைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். அந்த இரைச்சலில் தேர்வாளர் குரல் எங்கே கேட்கும்? காதுகளைப் பொத்திக்கொண்டு அவரைப் பார்த்தேன். சுகந்தி சன்னலைத் திறந்து, "மாதேசு! கம்ப்ரசர நிறுத்து! நான் சொல்ற வரைக்கும் போடாதே!" என்று ஒரு சத்தம் போட்டார். நின்றது. மணி 11.29.

ஆறு நிமிடம். அதற்குள் வைவாவே முடிந்திருக்கும், பதில் சொல்லவில்லை என்று எழுதியிருப்பார்கள் என்று பயந்துகொண்டே காதைத் தீட்டினேன். அந்தப் பக்கம், தேர்வு அறையில் யாரும் பேசவில்லை. "வணக்கம், வந்துவிட்டேன்" என்று அடித்தேன். உடனே யாழினியின் குரல்: "அக்கா வந்துட்டாங்க, சார். இப்பக் கேளுங்க."

பிறகு 12.10 வரை ஒரு தடங்கலும் இல்லை. முடிந்ததும் சுகந்தி தண்ணீர் கொடுத்தார். "புள்ள பாஸுங்களா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். பணம் கொடுக்கப் போனபோது, "நெட்டுக்கா? மாசக் கணக்குல கட்டுறதுங்க, நீங்க உக்காந்ததுல என்ன தேஞ்சா போச்சு?" என்று சிரித்தார். பின்கட்டில் கம்ப்ரசர் மறுபடி இரையத் தொடங்கியது.

மாலையில் யாழினி எழுதியிருந்தாள். திரை நின்றதும் ஒரு தேர்வாளர் ரிப்போர்ட்டைத் தட்டிக் காட்டி, இதையே பார்த்துக்கொள்கிறோம், நீ போகலாம் என்று சைகையில் சொல்லியிருக்கிறார். "எப்பவும் நான் தலையாட்டிட்டு வெளிய வந்துடுவேன், அக்கா. நாலு வருசமா கிளாஸ்ல அப்படித்தான். இன்னைக்கு என்னமோ, போக மாட்டேன்னு சொன்னேன். நீங்க கேட்டது எனக்குத் தெரியல, தெரியாத கேள்விக்கு மார்க் வாங்கிட்டுப் போக மாட்டேன், எங்க அக்கா வர்ற வரைக்கும் இங்கயே நிக்கிறேன்னு சொன்னேன். நின்னேன். அவங்களும் காத்திருந்தாங்க."

மூன்று ஆண்டு அவளுக்குத் தட்டச்சு செய்திருக்கிறேன். அவள் தலையாட்டிக்கொண்டுதான் தப்பித்து வந்தாள் என்பது எனக்குத் தெரியாது. என் எழுத்து எப்போதும் சரியாகப் போய்ச் சேர்கிறது, அவளுக்கு எல்லாம் புரிகிறது என்று நிம்மதியாக இருந்திருக்கிறேன். அந்த நான்கு நாள் எரிச்சலும் அடங்கி, வேறொன்று உறுத்தத் தொடங்கியது. இப்போதெல்லாம் வகுப்பு முடிந்ததும், "எங்கெங்கே விட்டேன்?" என்று அவளைக் கேட்கிறேன். சொல்கிறாள். நிறையவே சொல்கிறாள்.

இந்தப் பக்கம் வேலையோடு வருகிறவர்களுக்கு: சேலத்துக் காபிக்கடைகளைப் பதினொரு மணிக்கு முன் நம்பாதீர்கள், காலை வேலை என்றால் பேக்கரிதான், ஆனால் நெட் யாருடைய பையில் இருக்கிறது என்று விசாரித்துவிடுங்கள். வரைபடத்தில் வொர்க் ஸ்பேஸ் என்று போட்டிருந்தால் கிளம்பும் முன் போன் செய்யுங்கள். இரண்டு நிறுவனங்களின் சிம் வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் ஒன்றுதான் இருந்தது, அது என் தப்பு. முக்கியமான நாளுக்கு முதல் நாளே போய் உட்கார்ந்து பாருங்கள். திருச்செங்கோட்டில் தங்கினால் ராசிபுரத்திலிருந்து வந்து போகும் இரண்டரை மணி நேரம் மிச்சம்.

கடைக்காரரிடம் வேகம் எவ்வளவு என்று கேட்காதீர்கள். எல்லாரும் ஒரு பெரிய எண்ணைச் சொல்வார்கள். "போயிருச்சுன்னா என்ன பண்ணுவீங்க?" என்று கேளுங்கள். கொஞ்சம் யோசித்து, பக்கத்தில் யாரிடம் இருக்கிறது என்று சொல்லும் ஆள் கிடைத்தால், அங்கேயே உட்காருங்கள்.