சொல்லிவிட்டு மறிப்பவர்

பட்டறையில் என் வீட்டுக்காரருக்கு ‘ரெண்டு சட்டை’ என்று பெயர். அவரிடம் இருப்பதே இரண்டுதான். ஒன்று உடம்பில், ஒன்று கொடியில். யாரையும் அடிக்கக் கூடாது, தேவைக்கு மேல் எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று வாழும் ஒன்பது பேர், அவரையும் சேர்த்து, ஞாயிறுதோறும் எங்கள் முன்னறையில் கூடுவார்கள். கொள்கை அவர்களுடையது, தேநீர் என்னுடையது.

இருபத்திரண்டு வருடம் லேத் ஓட்டியவர். போன மாதம் முதலாளி ஒரு புது வரைபடத்தைக் கொடுத்தார். விரல் நீள எஃகுக் குச்சி. இவர் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்.

“இது துப்பாக்கிக்குள்ள போறதுதானே?”

“எங்க போனா உனக்கென்ன? கடைஞ்சு குடு.”

“என் கையால ஆகாது, முதலாளி.”

அன்றே வேலை போயிற்று. அவருடைய லேத்தில் வேறொருவர் நின்றார்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அடுத்து அவர் செய்ததுதான் ஆத்திரத்தைக் கிளப்பியது. அந்தச் சரக்கு வெளியே போகாமல் லாரியை மறித்து உட்காரப் போகிறார்களாம். சரி, உட்காரட்டும். ஆனால் எதிராளியிடம் முன்கூட்டியே சொல்லாமல் எதையும் செய்யக் கூடாது என்பது அவர்கள் விதி. நேரே போய், “வியாழக்கிழமை பத்து மணிக்கு கேட்டுல உட்காருவோம்” என்று சொல்லிவிட்டு வந்தார். முதலாளி புதன்கிழமையே லாரியை அனுப்பிவிட்டார். வியாழக்கிழமை ஒன்பது பேரும் காலி வாசலைக் காவல் காத்தார்கள்.

“எவனாவது நாள் குறிச்சுக் குடுத்துட்டு மறியலுக்குப் போவானா?” என்று கத்தினேன்.

“ஒளிஞ்சு செஞ்சா நாமளும் அவங்களும் ஒண்ணுதான்” என்றார், கிழிந்த காலரைத் தைத்துக்கொண்டே. கண் சிவந்திருந்தது. வேலை போனபோதுகூட அழாத மனுஷன், அந்தக் குச்சிகள் வெளியே போய்விட்டதற்காக அழுதிருக்கிறார். அதைப் பார்த்ததும் என் கோபம் அவரை விட்டுவிட்டு முதலாளி பக்கம் திரும்பியது.

அடுத்த சரக்கு லாரியில் ஏறுகிறது என்று தெரிந்ததும், மறுபடி சொல்லிவிட்டு வரக் கிளம்பினார். நானும் செருப்பை மாட்டினேன்.

முதலாளிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “வாய்யா ரெண்டு சட்டை. இந்தத் தடவை எந்தக் கிழமை?”

இவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

“எல்லாக் கிழமையும். இப்பவே ஆரம்பம். ராத்திரிக்கும் ஆள் மாத்தி உட்காருவோம். முன்கூட்டியே சொல்லிட்டோம், அப்புறம் சொல்லலைன்னு சொல்லாதீங்க.”

சிரிப்பு நின்றது. “நீயுமாம்மா?”

“அவர்கிட்டதான் ரெண்டு சட்டை. என்கிட்ட மாத்துத்துணி நிறைய இருக்கு, முதலாளி.”

கேட்டுக்கு நடுவில் போய் உட்கார்ந்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். இன்றோடு பதினெட்டு நாள். லாரி உள்ளேதான் நிற்கிறது.