ரீகனுக்கு வேண்டியிருந்த கையெழுத்து

சைதாப்பேட்டை கோர்ட்டுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடையின் ஓரத்தில் மேஜை போட்டு மனு டைப் அடிக்கும் அமலி அக்காவிடம் ஒரு கையெழுத்து வாங்குவது இவ்வளவு பாடாக இருக்கும் என்று ரீகன் நினைக்கவில்லை. வேளச்சேரியில் இருக்கும் அவன் உடன்பிறந்தவள் பெர்னதெத்தின் குழந்தைக்கு ஞானஸ்நானம். ரீகன்தான் ஞானத்தந்தையாக நிற்கப்போகிறவன். அப்படி நிற்பவர் ஒழுங்காகக் கோயிலுக்கு வருகிறவர்தானா என்று அவருடைய பங்குக் கோயிலிலிருந்து சான்று வேண்டும். அச்சடித்த தாளில் நான்கு வரிகள். மூன்றாவது வரி, ‘ஞாயிறு திருப்பலியில் தவறாமல் கலந்துகொள்கிறார்.’ அதன்கீழே அன்பியப் பொறுப்பாளர் கையெழுத்துப் போட்டால்தான் பங்குச்சாமியார் முத்திரை வைப்பார். பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் இருக்கும் இருபது முப்பது கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்தது ஓர் அன்பியம். ரீகன் குடியிருக்கும் தெருவுக்கு அமலி அக்காதான் பொறுப்பு.

அமலி அக்கா மூன்றாவது வரியில் விரலை வைத்தார்.

“கடைசியா எப்ப பூசைக்கு வந்த?”

“கிறிஸ்துமசுக்கு வந்தனேக்கா.”

“அதுக்கு முன்னாடி?”

அதற்கு முன்னால் ஈஸ்டருக்கு வந்திருந்தான். சொன்னால் எடுபடாது என்று தெரிந்ததால் சொல்லவில்லை. ஒரு கையெழுத்துதானே, பார்த்துப் போட்டுவிடுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டான்.

“காலைலேர்ந்து இன்னா அடிச்சிக்கினு கீறேன்? ‘மேற்கண்டவை யாவும் உண்மை’ன்னு. கோர்ட்டுக்கே பொய் எழுத மாட்டேன்னு கட்சிக்காரன தொரத்தி வுட்டவ நான். கடவுளுக்கு எழுதச் சொல்றியா?”

தாளை மடித்து அவன் சட்டைப்பையிலேயே செருகிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ரீகனுக்கு வயது இருபத்தெட்டு. ஏசி மெக்கானிக். இரண்டு வருடத்துக்கு முன்னால் கம்பெனியை விட்டு வந்து, கூட வேலை பார்த்த ஃபைசானோடு சொந்தமாகத் தொழில் தொடங்கினான். அடையாறு, கோட்டூர்புரம், மயிலாப்பூர் என்று வாடிக்கை பெருகியது. ஆனால் பிளாட்டுகளில் இருப்பவர்கள் வீட்டில் இருப்பது ஞாயிற்றுக்கிழமைதான். அன்றைக்கு மட்டும் எட்டு வீடு, ஒன்பது வீடு. காலை ஆறு மணிக்கு ஒரு பூசை இருப்பது அவனுக்குத் தெரியும். சனிக்கிழமை வேலை முடித்து வந்து கட்டையாய் விழுகிறவனுக்கு அது தெரிந்து என்ன பயன்.

அதற்காக அவனைப் பக்தி இல்லாதவன் என்று சொல்லிவிட முடியாது. மூன்றாவது மாடிச் சுவருக்கு வெளியே காலை வைக்கும் முன் சிலுவை போடாமல் அவன் இறங்கியதில்லை. இடுப்புக் கயிற்றை உள்ளேயிருந்து பிடிக்கும் ஃபைசானும் அந்த நேரத்தில் பிஸ்மில்லா சொல்வான். நவராத்திரியில் மயிலாப்பூர் வீடுகளில் கொடுக்கும் சுண்டலைச் சாப்பிடலாமா கூடாதா என்று ரீகன் யாரையும் கேட்டதில்லை. கை கழுவிவிட்டு வாங்கிச் சாப்பிடுவான். தவக்காலம் நாற்பது நாளும் கறியை வாயில் வைக்க மாட்டான். கறியை விடுவது அவன் கையில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவன் கையில் இல்லை. அப்படித்தான் அவன் நினைத்திருந்தான்.

வீட்டுக்குப் போனதும் ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில் அமலி அக்காவின் கையெழுத்தை இரண்டு முறை போட்டுப் பார்த்தான். இரண்டாவது முறை அசலைப் போலவே வந்துவிட்டது. பயந்துபோய்க் கிழித்துப் போட்டான்.

பெர்னதெத்துக்கு அவன்தான் நிற்க வேண்டும். டிசம்பர் மழையில் அவள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் ஏறியபோது அவளுக்கு எட்டு மாதம். கணவர் பெங்களூரில் மாட்டிக்கொண்டிருந்தார். ரீகன்தான் அவளை இரண்டு கைகளிலும் ஏந்தி, தெருமுனையில் ஃபைசான் நிறுத்தியிருந்த லோடு ஆட்டோ வரைக்கும் நடந்தான். “இந்தப் புள்ளைய மொத மொத தூக்குனது நீதான்டா. நீ நிக்காம வேற யாரு நிப்பா?” என்று அவள் அன்றைக்கே சொல்லிவிட்டாள். ஆனால் அவளுடைய மாமியாருக்கு, நாள் தவறாமல் பூசை காணும் தன் மூத்த மகன் நின்றால்தான் பொருத்தம் என்று எண்ணம். ஈஸ்டருக்கு முந்தைய குருத்து ஞாயிறுக்குள் ரீகனின் தாள் வராவிட்டால் மூத்தவர்தான் என்று அவர் முடிவாகச் சொல்லியிருந்தார். அதற்கு இன்னும் ஐந்து ஞாயிறுகள் இருந்தன.

அந்த வெள்ளிக்கிழமை அடையாறில் ஒரு மொட்டைமாடியில் வேலை. அந்த வருடம் ரமலானும் தவக்காலமும் ஒரே வாரத்தில் தொடங்கியிருந்தன. நோன்பிலிருந்த ஃபைசான் பார்க்காதபடி தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து தயிர்சாதம் தின்றுவிட்டு வந்த ரீகன், நடந்ததையெல்லாம் சொல்லிப் புலம்பினான். ஜும்மாவுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த ஃபைசான் குழாயடியில் காலைக் கழுவியபடியே கேட்டான்.

“நான் இப்ப எங்க போய்க்கினு கீறேன்?”

“தொழுகைக்கு.”

“கஸ்டமர் இன்னா சொன்னாரு?”

“ஒண்ணும் சொல்லல. ஒன்ற மணி நேரம் கேப்புன்னு நான்தான் காலைலயே சொல்லிட்டேனே.”

“ரெண்டு வருசமா வாரா வாரம் எனக்குச் சொல்ற. உனக்குன்னு ஒரு தபா கேட்டியா மச்சி? கேட்டா நான் மாட்டேன்னா சொல்லுவேன்?”

 கூட்டாளியின் தொழுகைக்கு நேரம் ஒதுக்குவது மரியாதை என்றும், தனக்கென்று நேரம் கேட்பது கூட்டாளியின் உழைப்பைத் திருடுவது என்றும் ரீகனாகவே ஒரு கணக்கு வைத்திருந்தான். ஃபைசான் தொப்பியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனான். ரீகன் செப்புக்குழாயை வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே, ஃபைசானிடம் சொல்லிவிட்டு, எட்டு மணிப் பூசைக்குப் போனான். முதல் வாரம், எல்லோரும் சேர்ந்து சொல்லும் விசுவாசப் பிரமாணத்தின் நடுவில் தடுமாறி, பக்கத்திலிருந்தவரின் வாயைப் பார்த்துச் சேர்ந்துகொண்டான். இரண்டாவது வாரம் பிரசங்கத்தில் தூங்கிவிட்டான். மூன்றாவது வாரம் போன் விடாமல் அதிர, வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தபோது நான்காவது வரிசையிலிருந்து அமலி அக்கா திரும்பிப் பார்த்தார். நான்காவது வாரம் போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தான். ஐந்தாவது ஞாயிறு ரம்ஜான் பெருநாளுக்கு மறுநாளாக அமைந்தது. வீடு நிறைய விருந்தாளிகள் இருந்தும் ஃபைசான் காலை வேலைக்குத் தனியாகப் போயிருந்தான்.

திங்கட்கிழமை ரீகன் மறுபடி அந்த மேஜைக்கு முன்னால் நின்றான். அமலி அக்கா பேனாவை எடுத்தார். ‘தவறாமல்’ என்ற சொல்லை ஒரே கோட்டில் அடித்தார். மேலே ‘கடந்த ஐந்து வாரமாக’ என்று எழுதினார். மனுவில் திருத்தம் செய்தால் செய்வதுபோல ஓரத்தில் சுருக்கொப்பம் வைத்து, அப்புறம்தான் கீழே கையெழுத்துப் போட்டார்.

அடித்து எழுதிய தாளை வேளச்சேரியில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று ரீகன் கெஞ்சினான்.

“நட்ந்தது இவ்ளோதான் நைனா. போதுமா போதாதான்னு அந்தச் சாமியார் பாத்துக்கட்டும்.”

அவன் பயந்தபடியே பெர்னதெத்தின் மாமியார் சொன்னார், அடித்தல் திருத்தல் உள்ள தாள் செல்லாது என்று. வேளச்சேரிச் சாமியார், பங்கு முத்திரையோடு வந்த அந்தத் தாளை இரண்டு முறை படித்தார். வருகிற தாள்களிலெல்லாம் படித்துப் பார்க்காமல்தான் கையெழுத்துப் போடுகிறார்கள், இதில் ஒருவர் படித்துப் பார்த்திருக்கிறார் என்று சொல்லி ரீகனின் பெயரைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டார். ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு ஞானஸ்நானம். சடங்கு தொடங்கியதுமே குழந்தை வீறிட்டு அழுதது. பசாசை விட்டுவிடுகிறீர்களா என்று சாமியார் கேட்டபோது, அந்த அழுகையையும் மீறிக் கேட்கும்படி “விட்டுவிடுகிறேன்” என்றான் ரீகன். குழந்தையின் தலையில் தண்ணீர் ஊற்றியபோது பெர்னதெத் அழுதுகொண்டே சிரித்தாள்.

அதற்கு அடுத்த வாரம் யாருக்கும் எந்தத் தாளும் தேவைப்படவில்லை. வெயில் ஏறிவிட்டது, போன் ஓயவில்லை. சனிக்கிழமை மதியம் மயிலாப்பூரிலிருந்து பழைய வாடிக்கைக்கார மாமி ஒருவர் பேசினார். நாளைக் காலை எட்டு மணிக்கே வந்துவிட வேண்டும் என்றார். சரி என்ற சொல் ரீகனின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எதிரே ஃபைசான் திருப்புளியால் முதுகைச் சொறிந்துகொண்டு வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தான்.

“எட்டு மணிக்கு முடியாது மாமி,” என்றான் ரீகன். “பூசைக்குப் போவணும்.”

“அதுக்கென்ன, முடிச்சுண்டே வாயேன். பத்து மணிக்கு நாங்க ஆத்துலதான் இருப்போம்.”

“பத்தேகால் ஆயிடும் மாமி. எங்க சாமியார் கொஞ்சம் நேரம் பேசுவாரு.”