வெள்ளம் வராத வீடு

மடியில் விரித்த பெரிய துணியில், தையலைப் பிரித்த இடத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருக்கிறாள் கத்தரி அத்தை. சுரண்டச் சுரண்ட ஊசித் துளைகள் தூர்ந்துவிடும். அங்கே தைத்திருந்ததே தெரியாது. பக்கத்தில் நிற்கும் மீன்காரிக்கு இன்னும் திருப்தி வரவில்லை.

“எங்க வாசப்படி இன்னும் கொஞ்சம் கீழாத்துப் பக்கம்.”

“போன வாரம் மேலாத்துப் பக்கம்னு சொன்னது யாரு, உன் மாமியாரா?”

வாய் கேட்கிறதே தவிர, கை அடுத்த தையலைப் பிரிக்கத் தொடங்கிவிட்டது.

அடுக்குமாடியின் மாடிப்படிக்கு அடியில் அவளுடைய தையல் மெஷின். பேண்ட் கால் மடிப்பது, ஜிப் மாற்றுவது, இளைத்தவர்களின் ரவிக்கையைப் பிடிப்பது, பெருத்தவர்களின் ரவிக்கையை விடுவது. பெருத்தவர்களிடம், “துணிதான் சுருங்கிடுச்சு” என்று சொல்லும் இங்கிதம் அவளுக்கு உண்டு. மதியத்துக்கு மேல் மெஷினை மூடிவிட்டு அந்தப் பெரிய துணியை விரித்துவிடுவாள்.

கரையில் சுவர் எழுப்ப வேண்டுமென்று ஆற்றோர வீடுகளை இடித்து, எல்லாரையும் இங்கே கொண்டுவந்து ஏற்றினார்கள். இடிந்த கரை முழுவதும் இப்போது அத்தையின் துணியில் இருக்கிறது. ஒவ்வொரு வீட்டையும் அந்த வீட்டார் உடுத்திப் பழசான துணியில்தான் வெட்டி வைப்பாள். பளபளவென்று கடைத்துணி வாங்கி வந்தவர்களை வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறாள். “புதுத்துணிக்கு உங்க வீட்டைப் பத்தி என்ன தெரியும்?” ஆறு மட்டும் பழுப்புக் கம்பளி. நீலமாக வைக்கக்கூடாதா என்று கேட்டவருக்கு, “நம்ம ஆறு என்னிக்கு நீலமா ஓடுச்சு?” என்று பதில் கிடைத்தது.

கரையில் அவள் வீட்டை ஒட்டி, ஒரே சுவரில், கூடப்பிறந்த படகோட்டி அண்ணனின் வீடு. பெண்டாட்டி போனபின் தனியாக இருந்தான். இடிக்க வந்தபோது கரையே நகர மாட்டோம் என்று உட்கார்ந்திருக்க, முதல் ஆளாகச் சாவியைக் கொடுத்தவன் அவன்தான். அவனுக்கு இழுப்பு. அந்த ஈரத்தில் இன்னொரு மழைக்காலம் தாங்காது. அத்தைக்கும் அது தெரியும். தெரிந்தும் ஆத்திரம் அடங்கவில்லை. துணியில் அவன் வீடு இருக்க வேண்டிய இடத்தில், வீட்டளவுக்கே பழுப்புக் கம்பளியை வெட்டி வைத்துத் தைத்து ஆறாக்கிவிட்டாள்.

ஒருநாள் அண்ணன் பார்க்க வந்தான். கரையோரமாக விரலை ஓட்டிக்கொண்டே வந்து அங்கே நிறுத்தினான்.

“வெள்ளத்துல கூட இங்க தண்ணி வந்ததில்லையே, பாப்பா.”

அவள் ஏற்கெனவே நூல் கோத்திருந்த ஊசியில் மறுபடியும் நூல் கோக்கப் பார்த்தாள். நிமிரவில்லை. அண்ணன் விரலை எடுத்துக்கொண்டு போனான். அந்த மழைக்காலத்திலேயே ஒரேயடியாகப் போய்விட்டான்.

வீம்பெல்லாம் வடிந்து, போன வாரம்தான் வெளியூரில் இருக்கும் அண்ணன் மகளுக்குப் போன் செய்தாள். அப்பாவுடைய பழைய சட்டை ஒன்று வேண்டும் என்றாள்.

“ரூமைக் காலி பண்ணப்பவே எல்லாத்தையும் குடுத்துட்டேனே அத்தை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எடுத்து வச்சிருப்பேன்.”

குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தாலாவது திருப்பிப் பேசி ஆறியிருப்பாள்.

மீன்காரி போனதும் கத்தரியை எடுத்து, அண்ணன் வீட்டு இடத்திலிருந்த கம்பளித் துண்டைப் பிரிக்கிறாள். கம்பளி கையோடு வந்துவிடுகிறது. அடியில் வெறும் துணி. அதில் நாலு பக்கமும் வரிசையாக ஊசித் துளைகள், சரியாக ஒரு வீட்டின் அளவுக்கு. பழக்க தோஷத்தில் நகம் அவற்றைச் சுரண்டப் போகிறது. சட்டென்று கையை இழுத்துக்கொள்கிறாள். அந்த இடம் மடிப்பில் விழாதபடி துணியை மெல்ல மடித்து வைக்கிறாள்.